புது வண்டியும் பழைய பாடமும்

கோபம் கொள்வதற்கு நியாயமான காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், மனிதன் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை மேடையிலிருந்து மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். நமக்கே அது சொல்லப்பட்டது ஒரு கார் பணிமனையில். வெட்கப்பட வேண்டிய அந்த நிகழ்ச்சியை எழுதுவதா, விடுவதா என்று நெடுநாள் தயங்கினோம். புதிய வண்டி வாங்கி ஏமாற்றமடையும் குடும்பங்கள் நம் பங்குகளில் பெருகி வருவதால், நமது அனுபவம் யாருக்கேனும் பயன்படட்டும் என்று எழுதத் துணிந்தோம்.

அப்போது நாம் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். பங்குடன் ஐந்து கிளைக் கிராமங்கள் இருந்தன. கடைசிக் கிராமம் பதினொரு கிலோமீட்டர் தொலைவு. பனைமரங்களுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே செல்லும் அந்தப் பாதையில் காற்றடிக்கும் காலத்தில் மணல் வந்து சாலையை மூடிவிடும். பங்கின் பழைய ஜீப் ஓய்ந்து போகவே, புதிய கார் ஒன்று வாங்கப் பங்குப் பேரவை தீர்மானித்தது. எல்லாச் செலவும் சேர்த்து ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள், வெளிநாட்டில் கூலிவேலை செய்கிறவர்கள், பீடி சுற்றும் பெண்கள் என்று எல்லாரும் சேர்ந்து கொடுத்த பணம் அது. கடைசிக் கிராமத்தில் ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்த ஒரு மூதாட்டி ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வண்டியை மந்திரித்த அன்று அதன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாமி, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதுலதான வருவிய?" என்று கேட்டார். "ஆமாம்மா, கூப்பிட்டதும் வந்து நிற்போம்" என்றோம். எளிதாகச் சொல்லிவிட்ட வார்த்தை அது.

வண்டி நம் கைக்கு வந்தது 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள். மாதக் கடைசி நாள் என்பதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. விற்பனை நிலையங்களுக்கு மாதந்தோறும் இத்தனை வண்டிகள் என்ற இலக்கு உண்டு. கடைசி இரண்டு நாள்களில் அவசர அவசரமாக வண்டிகளை வெளியே தள்ளுவார்கள். அன்று வரிசையில் நின்ற வண்டிகளில் நம்முடையதும் ஒன்று. சலுகை என்ற பெயரில் தொடுதிரையுள்ள இசைக்கருவியும், பின்னால் பார்ப்பதற்கான காமிராவும் இலவசமாகப் பொருத்தித் தந்தார்கள். தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை அல்ல அவை. விற்பனை நிலையத்தில், வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்யும் வெளியாள் ஒருவர் அரைமணி நேரத்தில் பொருத்தியவை. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். நீட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டோம்.

மூன்றாம் வாரத்தில் தொல்லை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிராமங்களுக்கும் ஓடிய வண்டி, திங்களும் செவ்வாயும் நின்றுவிட்டுப் புதன்கிழமை காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்ற ஒலி மட்டும் வரும். முன்னால் எரியும் விளக்குகள் மங்கிப் போகும். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி இணைத்துக் கிளப்பி, நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, நகரத்துப் பணிமனைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் பேட்டரியைச் சோதித்து, நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். "வண்டியைத் தினமும் ஓட்டணும் ஃபாதர்" என்று அறிவுரையும் கிடைத்தது. அக்டோபரில் இரண்டு முறை மறுபடியும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடிப் போனதால் பேட்டரி வழியிலேயே மின்னேறி விடும். சோதித்தால் குறை தெரியாது. காய்ச்சல் இறங்கிய பிறகு மருத்துவரிடம் போய் நிற்கும் நோயாளியின் நிலைதான். மூன்று முறையும் 'ஜாப் கார்டு' எனப்படும் பணிச்சீட்டில், குறை தீர்ந்தது என்ற அச்சிட்ட வரியின் கீழ் நாம் கையொப்பமிட்டோம். படித்துப் பார்க்கவில்லை.

நவம்பர் மாதம் நம் திருச்சபை மரித்தோரை நினைக்கும் மாதம். அம்மாதத்து ஒரு புதன்கிழமை அதிகாலை இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஓலைப்பெட்டி முடையும் அந்த மூதாட்டியின் மகன்தான். "சாமி, அம்மைக்கு மூச்சு இழுக்கு. ஒங்களத்தான் கேக்கா" என்றார். ஐந்து நிமிடத்தில் புனித எண்ணெயும் நற்கருணையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினோம். 'டக், டக்.' மறுபடியும் திருப்பினோம். விளக்கும் அணைந்தது.

உபதேசியாரை எழுப்பி, அவர் அடுத்த தெரு இளைஞர் ஒருவரை எழுப்பி, அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து, மணல் மூடிய பாதையில் விழுந்துவிடாமல் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகப் போகிறது. கால் மணி நேரத்துக்கு முன்னரே உயிர் பிரிந்திருந்தது. மரித்தோருக்கு எண்ணெய் பூசுதல் இல்லை. செபங்களைச் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்தோம். இறைவனின் இரக்கம் ஒரு குருவின் வண்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பதன்று என்பது நாம் படித்த இறையியல். அதில் நமக்கு ஐயமில்லை. அந்த ஆன்மாவின் கதியைக் குறித்து நாம் அஞ்சவில்லை. ஆனால் கூப்பிட்டதும் வந்து நிற்போம் என்று வாக்குக் கொடுத்தவர் நாம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் அவர். அவருடைய மகன் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. "ராத்திரியில வந்தியளே சாமி" என்று கைகூப்பினார். அந்தக் கைகூப்பல் நம்மைச் சுட்டது.

அடக்கத் திருப்பலி முடிந்த மறுநாள் வண்டியைக் கிளப்பி நேரே பணிமனைக்குப் போனோம். வாடிக்கையாளரை வரவேற்றுச் சீட்டு எழுதும் 'சர்வீஸ் அட்வைசர்' இளைஞர் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. முந்தைய மூன்று முறையும் சீட்டு எழுதியவர் அவர்தாம். பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருந்த கூடத்தில், உரத்த குரலில், அவரை நோக்கி நாம் சொன்ன சொற்களை இங்கே எழுத மாட்டோம். ஓர் உயிரின் கடைசி விருப்பத்தைக் கெடுத்தவன் என்பது அவற்றில் ஒன்று. வெள்ளை அங்கி அணிந்தவர் சத்தமிட்டால் எதிர்த்துப் பேசுவோர் நம் நாட்டில் குறைவு. கூடம் முழுவதும் அமைதியாயிற்று. அந்தத் தம்பி தலைகுனிந்து நின்றார். "சாரி ஃபாதர்" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

திரும்பி வரும் வழியில் பேருந்தில் நமக்கு ஒரு நிறைவு இருந்தது. பசித்தவன் உண்டாற் போன்ற நிறைவு. மாலைச் செபத்துக்கு அமர்ந்தபோது அது கசந்தது. நாம் கோபப்பட்டது அந்த மூதாட்டிக்காகவா, அல்லது மகனின் கைகூப்பலுக்கு முன் கூனிக்குறுகி நின்ற நமக்காகவா? விடை தெரிந்திருந்தும் அன்று அதைச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

நான்காம் முறையும் 'பேட்டரி சரியாக உள்ளது' என்று எழுதி வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அப்போதுதான் பங்கிலுள்ள ஒரு மின்பணியாளர் உதவிக்கு வந்தார். ஐ.டி.ஐ.யில் படித்தவர், வளைகுடாவில் வாகனங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர். "சாமி, வயரை வெட்டவோ பிரிக்கவோ மாட்டேன், வெளியாள் கைவெச்சான்னு வாரண்டியை மறுப்பாங்க. அளந்து மட்டும் பார்ப்போம்" என்றார். வண்டியை அணைத்து, கதவுகளைச் சாத்தி, உள்ளிருக்கும் கருவிகள் உறங்கட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் அளவுமானியை இணைத்தார். நின்றிருக்கும் காரில் கடிகாரம், பூட்டு ஆகியவற்றுக்காக ஒரு சிறு மின்னோட்டம் எப்போதும் இருக்கும், அது 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டுமாம். நமது வண்டியில் 0.42 ஆம்பியர் காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் போட்டார். இசைக்கருவிக்குரியதை எடுத்தவுடன் அளவு 0.02க்கு இறங்கிற்று.

கணக்கு எளிது. அந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. 0.42 ஆம்பியர் ஓயாமல் ஒழுகினால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி போய்விடும். இரண்டு நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற வேண்டிய தொடுதிரையை, எப்போதும் மின்சாரம் ஓடும் கம்பியில் இணைத்துவிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசி அவசரத்தில் அரைமணி நேரத்தில் செய்த வேலை. இலவசமாக வந்த பொருள், இரவும் பகலும் நமக்குத் தெரியாமல் வண்டியின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது.

விற்பனை நிலையத்தின் தலைமைக்கும், வண்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் முறையிடுவதென்று முடிவு செய்தோம். நாள், ஓடிய கிலோமீட்டர், பணிச்சீட்டு எண், அளவுமானியின் படம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த அமர்ந்தோம். பழைய பணிச்சீட்டுகளை அன்றுதான் முதன்முதலாகப் படித்தோம். செப்டம்பர் மாதத்து முதல் சீட்டில், அச்சிட்ட வரிகளுக்குக் கீழே, ஓரத்தில், கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் வயரிங் பார்க்கவும்.' எழுதியவர் அந்தத் தம்பி. அதன் மேல் வேறொரு மையினால் கோடு கிழிக்கப்பட்டிருந்தது. இலவசமாகப் பொருத்தியதைப் பிரித்துப் பார்க்கும் கூலியை உற்பத்தி நிறுவனம் தராது. ஆகவே மேலே இருப்பவர் அடித்துவிட்டார் என்பது பின்னர் தெரிந்தது. முதல் நாளே சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவரைத்தான் நாம் ஊரறியப் பழித்தோம். அவர் எழுதிய வரியின் நேர் கீழே நமது கையொப்பம் இருந்தது.

இங்கே இன்னொரு தவறு செய்தோம். அந்த வரி நமது வழக்குக்கு வலுவான சான்று என்று மகிழ்ந்து, 'உங்கள் ஊழியரே முதல் நாளில் இதைக் குறித்திருக்கிறார்' என்று எழுதி, படியும் இணைத்து அனுப்பிவிட்டோம். அதனால் அவருக்கு என்ன நேரும் என்று எண்ணவில்லை.

கடிதத்துக்கு உடனே பலன் இருந்தது. ஒன்பதாம் நாள் உற்பத்தி நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பணிமனைக்கே வந்து, நம் பங்கின் மின்பணியாளர் செய்த அதே சோதனையைச் செய்தார். அதே எண் வந்தது. இணைப்பை மாற்றினார்கள். அடிக்கடி முற்றிலும் வடிந்துபோன பேட்டரி பழைய வலுவைத் திரும்பப் பெறாது என்பதால் புதியது ஒன்றும் தந்தார்கள். மேலாளர் நம்மை அறைக்குள் அழைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு, மகிழ்ச்சியான செய்தி சொல்பவர் போல, "அந்தப் பையனை ஒண்ணாம் தேதியிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டோம் ஃபாதர். உங்களுக்குத் திருப்திதானே?" என்றார்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தோம். நாம் கேட்டது ஒரு கம்பியைச் சரிசெய்ய. அவர்கள் கொடுக்க முன்வந்தது ஒரு குடும்பத்தின் சோறு. கூடத்தில் நாம் போட்ட கூச்சல் அதற்கு வெளிக்காரணம். வாடிக்கையாளருக்குப் போகும் சீட்டில் உண்மையை எழுதியது உள்காரணம். இரண்டிலும் நமது கை இருந்தது. "ஐயா, எமது முறையீடு அந்தத் தம்பியின் மேல் அன்று. அவர் எழுதியதை அடித்தவர் யார், வேலையைச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே அனுப்பியவர் யார் என்பதே எமது கேள்வி. அவரை அனுப்பினால் குறை தீர்ந்ததென்று கையொப்பமிட மாட்டோம். இன்றே நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம் எழுதுவோம்" என்றோம். கூடத்தில் உயர்ந்த குரல் இப்போது உயரவில்லை. கை மட்டும் சற்று நடுங்கிற்று. பொறியாளர் குறுக்கிட்டு, தாமே மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். அன்று கையொப்பமிடாமலே வண்டியைக் கொண்டுவந்தோம்.

அந்த இடைநாள்களில், முறையீடு தீராவிட்டால் என்ன வழி என்பதையும் விசாரித்து வைத்தோம். வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பொருளின் குறைக்கு மட்டுமன்றிச் சேவையின் குறைக்கும் அது பொருந்தும். முறையிடுகிறவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். விற்பனையாளர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரையானால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரையானால் 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை காகிதம்தான். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். ஆதலால் ஒவ்வொரு முறையும் பணிச்சீட்டின் படியைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். குறை தீராமல், தீர்ந்தது என்ற வரியின் கீழ்க் கையொப்பமிடாதீர்கள். புதிய வண்டியை எடுக்கும்போது மாதக் கடைசி நாளையும் மாலை நேரத்தையும் தவிர்த்து, பகல் வெளிச்சத்தில் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். சக்கரங்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இலவசமாகப் பொருத்தித் தருவதை எந்தக் கம்பியில் இணைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட்டு நாம் இழந்ததைச் சொல்லிவிட்டோம்.

முறையிடுவது கிறிஸ்தவப் பொறுமைக்கு ஒவ்வாதது என்று சிலர் நம்மிடம் சொன்னதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. நடுவரிடம் விடாமல் நீதி கேட்ட கைம்பெண்ணை நம் ஆண்டவர் குறை கூறவில்லை. அவளை எடுத்துக்காட்டாகவே நிறுத்தினார். ஏழைகளின் காசில் வாங்கிய வண்டிக்காகப் பேசாமல் இருந்தால், அது பொறுமை என்ற பெயரில் சோம்பலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கைம்பெண் நடுவரிடம் போய் நின்றாள். வாசலில் நின்ற காவலாளியைத் திட்டிவிட்டுத் திரும்பவில்லை. நாமோ எட்டிய ஆளை அடித்துவிட்டு, எட்டாத ஆளுக்குப் பிறகு கடிதம் எழுதினோம். நீதிக்கான பசியையும் சினத்தின் பசியையும் பிரித்தறிவது கடினம். இரண்டுக்கும் ஒரே குரல்தான் இருக்கிறது. யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் ஒருவேளை வேறுபாடு தெரியலாம்.

டிசம்பர் இறுதியில் பணிமனைக்குப் போனோம். அந்தத் தம்பி தம் இருக்கையில் இருந்தார். கூடத்தில் அன்றும் பத்துப் பேர் இருந்தார்கள், அன்றிருந்தவர்கள் அல்லர். பழித்தது கூடத்தில் என்பதால், பொறுத்துக்கொள்ளக் கேட்பதும் கூடத்தில்தான் என்று நிச்சயித்துக்கொண்டு வந்திருந்தோம். "தம்பி, அன்று உங்களைத் தவறாகப் பேசிவிட்டோம். முதல் நாளே நீங்கள் சரியாக எழுதியிருந்தீர்கள். நாம்தான் படிக்கவில்லை. எம்மை மன்னித்துக்கொள்ள வேண்டும்" என்றோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத்தான் சங்கடமாயிற்று. "விடுங்க ஃபாதர். அன்னைக்கு உங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. அவர் சீட்டை எழுதி முடித்து நம் பக்கம் திருப்பி வைத்தார். வழக்கமாக உடன் நீட்டும் பேனாவை நீட்டவில்லை. தம் விரல்களுக்கிடையிலேயே வைத்துக்கொண்டார். "படிச்சுப் பாருங்க ஃபாதர். அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்றார்.

ஒவ்வொரு வரியாகப் படித்தோம். அவர் காத்திருந்தார்.